தோன்றா எழுவாய்

சனிக்கிழமை ஐந்து மணிக்கு
காட்பாடி காந்தி நகரில், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பில்
அப்பாக்கள் பதினோரு பேர் உட்காருகிறோம்.
பெஞ்சு சின்னது. முட்டி இடிக்கிறது.
மின்விசிறி வேலூர் வெயிலைத்தான் சுற்றிச் சுற்றித் தருகிறது.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமைப் பாடம்:
எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்.
அழிக்கட்டுமா மேடம் என்று ஒருவர் எழுந்தார்.
இருக்கட்டும் என்றார் எஸ்தர்.

முதல் வாரம் நான் சொன்னது:
அன்றைக்குப் பேச்சு முற்றிப்போச்சு,
கை நீண்டுவிட்டது,
அவளுக்கு அடி பட்டுவிட்டது.
பேரணாம்பட்டுக்காரர் தலையாட்டினார்.
எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை.

பேச்சு தானாக முற்றியதா, வெண்டைக்காய் மாதிரி?
கை தானாக நீண்டதா, சாயங்கால நிழல் மாதிரி?
எஸ்தர் குரலை உயர்த்தவில்லை.
எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.
பெஞ்சிலிருந்து காலை உருவ நேரமானதால்
உட்கார்ந்துவிட்டேன்.

சித்தூர் ரோட்டில் எடைமேடை பார்க்கிறேன்.
வெறும் லாரி ஏறும், ஒரு சீட்டு.
சரக்கோடு ஏறும், இன்னொரு சீட்டு.
கழித்துக் கொடுப்பேன்.
அம்மாவை இழுத்துத் திட்டிய டிரைவர்கள் உண்டு.
பதினெட்டு வருஷத்தில் அங்கே என் கை நீண்டதே இல்லை.
இதை மூன்றாம் வாரம் நானே கண்டுபிடித்தேன்.
அதுவும் பொய்.
கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்றீர்களே,
டிரைவர் மட்டும் எப்படித் தெரிந்தார் என்று
எஸ்தர் கேட்டார்.

ஐந்தாம் வாரம், அடித்தேன் என்றேன்.
யார்?
அடித்தேன் மேடம்.
யார்?
நான் என்று சொல்லாமலே நம் மொழியில் பேசிவிடலாம்.
அவர் சாக்பீஸ் எடுத்து அந்தச் சொல்லை எழுதி
வாலில் ஒரு கோடு போட்டார்.
'ஏன்' என்று முடிகிறது பாருங்கள்.
ஒளித்து வைத்தாலும் அங்கே நிற்கிறவர் நீங்கள்தான்.
அதையே தனியாக எழுதினால் கேள்வி.

அதற்கு என்னிடம் சீட்டு இல்லை.

கோமளவல்லியை, இடது காதின் மேல்,
சங்கவி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க,
நான் அடித்தேன்.
பாத்ரூமில் வழுக்கியது என்று
ஆஸ்பத்திரியில் அவளைச் சொல்லவைத்தேன்.
அதிலும் ஓர் ஏன்.

ஒன்பதாம் வாரம் ஏழு பேர்.
முடித்தால் சான்றிதழ் உண்டா என்றான் ஒருவன்.
எங்கே மாட்டுவாய் என்றார் அன்சர் சார்.
அவன் பத்தாம் வாரம் வரவில்லை.

கோமளவல்லி இப்போது குடியாத்தத்தில், அவள் அக்கா வீட்டில்.
ஞாயிறு நான்கிலிருந்து ஆறு வரை,
அக்கா கூடத்தில் இருக்கும்போது மட்டும், பிள்ளைகளைப் பார்க்கலாம்.
அவள் வைத்த கணக்கு. அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.
மன்னிக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கக் கூடாது,
முக்கியமாக நான்.

பயப்படக் கூடாதென்று
தெருமுனையிலேயே வண்டியை அணைத்து
நாலு வாரம் தள்ளிக்கொண்டே போனேன்.
நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.
வாராவாரம் கோமளவல்லிக்குப் போன் செய்கிற எஸ்தர்
அவள் சரி என்ற பிறகு ஒன்றே ஒன்றைச் சொன்னார்.
சங்கவி சொன்னது:
வண்டிச் சத்தம் கேட்டால்
டிவியை அணைக்க, தம்பியைக் கூப்பிட நேரம் இருக்கும்.
சத்தமில்லாமல் வந்தால்
எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே தெரியவில்லை.

நான் இல்லாத வீடு.
நான் ஏறிய வீடு.
இத்தனை வருஷம் கழித்துப் பார்க்காத ஒரே கணக்கு.

இந்த ஞாயிறு தெருமுனையில் ஹாரன் அடித்தேன், ஒரு தடவை.
கதவுக்குப் பத்தடி தள்ளி நின்றேன்.
எதிர்வீட்டுக் கறிகாய்க்காரம்மா
கூடையில் முள்ளுக்கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள்.
நாலு மணி ஆகி ஏழு நிமிஷம்.
ஜன்னல் திரை விலகியது. சின்னவன் லோகித்.
முதலில் என் கைகளைப் பார்த்தான்,
இரண்டையும்.
பிறகுதான் முகத்தை.